ஆடு வந்துவிட்டது, மருந்துப் பெட்டி வரவில்லை

இந்தியாவில் ஆட்டுக்கொல்லி நோய் முதன்முதலாகக் கண்டறியப்பட்ட இடம் தமிழ்நாடு. 1987-ல், அன்றைய தென்னார்க்காடு மாவட்டத்தைச் சேர்ந்த அரசூரில் அது பதிவானது. காய்ச்சல் 104, 105 டிகிரிக்கு ஏறும். கண்ணும் மூக்கும் ஒழுகும். வாய்க்குள் புண் வந்து ஆடு தழையைத் தொடாது. பிறகு நாற்றமடிக்கும் கழிச்சல், மூச்சிரைப்பு. ஒரு வாரம், பத்து நாளில் பட்டியே காலியாகிவிடும். அந்த அரசூர் வைரஸையே வலுவிழக்கச் செய்து தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகம் ஒரு தடுப்பூசியை உருவாக்கியது. அதன் விதை வைரஸுக்கு ‘அரசூர் 87’ என்றே பெயர். மூன்று மாதம் கடந்த குட்டிக்கு ஒருமுறை போட்டுவிட்டால் குறைந்தது மூன்று ஆண்டுகளுக்குக் கவலையில்லை.

நோயை அடையாளம் கண்டதும் இங்கே, அதற்கு ஊசி கண்டதும் இங்கே. அப்படியிருந்தும் ஏறக்குறைய நாற்பது ஆண்டுகள் கழித்து, ‘ஆடெல்லாம் கழிஞ்சு கழிஞ்சு சாகுது’ என்ற பேச்சு கிராமங்களில் ஓய்ந்தபாடில்லை. மாடுகளைக் கொன்று குவித்த வெக்கை நோய் 2011-ல் உலகத்தை விட்டே ஒழிக்கப்பட்டது. அதே வைரஸ் குடும்பத்தைச் சேர்ந்த ஆட்டுக்கொல்லியை 2030-க்குள் ஒழிப்பது என்று உலக நாடுகள் இலக்கு வைத்திருக்கின்றன. ஊசியின் விலையோ சில ரூபாய்தான். பிறகு ஏன் ஆடு சாகிறது?

பதிலின் ஒரு பாதி மருந்துக் குப்பியிலேயே இருக்கிறது. உலர்த்திய பொடியாக வரும் இந்தக் குப்பி பெரும்பாலும் 100 ஆட்டுக்கானது. 2 முதல் 8 டிகிரி செல்சியஸ் குளிரில் வைத்துக் காக்க வேண்டும். உப்புக் கரைசலில் கலக்கிவிட்டால் பனிக்கட்டி மேல் வைத்து ஓரிரு மணி நேரத்துக்குள் போட்டு முடிக்க வேண்டும். மிஞ்சியதை மறுநாளுக்கு எடுத்துவைக்க முடியாது. ஐந்து ஆடு வைத்திருக்கும் ஒரு பெண் அவற்றை ஓட்டிக்கொண்டு தனியாக மருந்தகத்துக்குப் போனால், ஐந்துக்காக நூறு ஆட்டு மருந்தை உடைக்க மருத்துவர் தயங்கத்தான் செய்வார். அதனால் ஊருக்கே சேர்த்து முகாம் போடுகிறார்கள். முகாம் நடக்கும் பகல் வேளையில் அவர் கூலி வேலைக்குப் போயிருப்பார், ஆடுகள் காட்டில் மேய்ந்துகொண்டிருக்கும். ஊருக்கு ஊசி போட்டாயிற்று என்று பதிவேட்டில் ஏறிவிடும். அவருடைய ஐந்து ஆடுகள் மட்டும் ஊசி படாமல் நிற்கும். ஒரு வட்டாரத்தில் வைரஸ் உயிரோடு இருக்க இப்படி விடுபட்ட பட்டிகள் சில இருந்தால் போதும்.

தமிழ்நாட்டில் ஆடு வளர்ப்பின் உண்மையான பற்றாக்குறை இங்கேதான் இருக்கிறது. ஆடு வாங்கக் கடன் கிடைக்கிறது. கொட்டகை போட மானியம் கிடைக்கிறது. விலையில்லாமல் ஆடே கிடைத்திருக்கிறது. கிடைத்த ஆட்டை உயிரோடு வைத்திருக்கத் தேவையான சில்லறைச் சாமான்களும், அவற்றைக் கையாளத் தெரிந்த ஓர் ஆளும் கூப்பிடு தூரத்தில் இல்லை. இதைச் சரிசெய்யாமல் இன்னும் எத்தனை லட்சம் ஆடு கொடுத்தாலும் அதில் ஒரு பங்கு குழிக்குத்தான் போகும்.

2019-ல் எடுத்த 20-வது கால்நடைக் கணக்கெடுப்பின்படி மாநிலத்தில் 98.89 லட்சம் வெள்ளாடுகளும் 45 லட்சம் செம்மறிகளும் இருந்தன. 2012 கணக்கெடுப்பில் வெள்ளாடுகள் ஏறக்குறைய 81 லட்சம்தான். இந்தப் பெருக்கத்தில் அரசுத் திட்டங்களுக்கும் பங்கு இருக்கவே செய்யும். 2011-ல் தொடங்கிய விலையில்லா ஆடுகள் திட்டம், ஐந்து ஆண்டுகளில் 7 லட்சம் குடும்பங்களுக்குத் தலா 4 ஆடு என்ற இலக்கோடு வந்தது. 2021-ல் கணவரை இழந்தவர்கள், கைவிடப்பட்டவர்கள், ஆதரவற்றவர்கள் என 38,800 பெண்களுக்குத் தலா 5 ஆடு கொடுக்கும் திட்டம் அறிவிக்கப்பட்டது. இரண்டுமே நல்ல திட்டங்கள். நிலமில்லாத ஒரு குடும்பத்துக்கு ஆட்டைப் போல விரைவாகப் பெருகும் சொத்து வேறு கிடையாது. ஐந்து மாதச் சினை, பல ஈற்றில் இரட்டைக் குட்டி, பள்ளிக் கட்டணமோ ஆஸ்பத்திரிச் செலவோ வந்தால் ஒன்றைப் பிடித்துக் கொடுத்துச் சமாளிக்கலாம்.

மத்திய அரசின் தேசிய கால்நடை இயக்கம் வேறு திசையில் போகிறது. 100 பெட்டை, 5 கிடாவோடு தொடங்கும் பண்ணைக்கு முதலீட்டில் பாதியை, 10 லட்சம் ரூபாய் வரை மானியமாகத் தருகிறது. 500 பெட்டை வைத்தால் 50 லட்சம் வரை கிடைக்கும். நூறு பெட்டை வைக்க வசதியுள்ளவர் போன் போட்டு மருத்துவரை வரவழைத்துக்கொள்வார், குளிர்பதனப் பெட்டியும் வாங்கி வைப்பார். மாநிலத்தின் ஆடுகளில் பெரும்பகுதி அவரிடம் இல்லை. நான்கும் ஐந்தும் பத்துமாக, வீட்டுக் கொல்லையில் வேப்பமரத்தடியில் கட்டிக்கிடக்கின்றன. பார்த்துக்கொள்பவர்கள் பெரும்பாலும் பெண்கள். அவர்களுடைய ஆடுகளுக்கான மருத்துவம் எங்கே என்ற கேள்விக்குத்தான் இந்தத் திட்டங்களில் பதில் இல்லை.

தடுப்பூசியாவது அரசு கையில் இருக்கிறது, முகாம் நேரத்தை மாற்றினால் பாதிச் சிக்கல் தீரும். அதைவிடச் சத்தமில்லாமல், ஆண்டு முழுக்க ஆட்டை உருக்குவது குடற்புழு. அதில் மோசமானது ஹீமாங்கஸ். ஓர் அங்குலம் வரை நீளும் மெல்லிய புழு, ஆட்டின் நான்காம் இரைப்பையில் ஒட்டிக்கொண்டு இரத்தம் குடிக்கும். ஒரு புழு குடிப்பது நாளுக்கு 0.05 மில்லிதான். ஆயிரம் புழு சேர்ந்தால் அது 50 மில்லி. இருபது கிலோ ஆட்டின் உடம்பில் ஓடும் இரத்தமே ஏறத்தாழ ஒன்றரை லிட்டர் என்னும்போது, அந்த 50 மில்லி ஒவ்வொரு நாளும் போவது எவ்வளவு பெரிய இழப்பு! ஒரு பெண் புழு நாளுக்கு 5,000 முட்டைக்கு மேல் இடும். அவை புழுக்கையோடு மண்ணில் விழுந்து, மழை ஈரத்தில் ஒரு வாரத்தில் பொரித்து வளர்ந்து, பனி படர்ந்த புல்லில் ஏறி அடுத்த ஆட்டின் வாய்க்காகக் காத்திருக்கும்.

வெள்ளாடு இயல்பில் தரைப்புல்லை நம்பி வாழும் பிராணி அன்று. தலையைத் தூக்கி, முன்னங்காலை மரத்தில் ஊன்றி, தழையும் கொழுந்தும் கடிக்கும். இலந்தை, கருவேல், வாகை, ஆலந்தழை என்று மேயும் வரையில் தரையோடு ஒட்டியிருக்கும் புழுக்குஞ்சுகள் அதன் வாய்க்கு அவ்வளவாக எட்டுவதில்லை. புறம்போக்கும் மேய்ச்சல் காடும் சுருங்கி, மழை கழிந்ததும் ஏரிக்கரை ஈரப்புல்தான் கதி என்று ஆனபோது அந்த இயற்கைக் காப்பு போய்விட்டது. வெயிலேறிப் பனி உலர்ந்த பிறகு ஆட்டை ஓட்டுவது, வாரக்கணக்கில் ஒரே இடத்தில் மேய்க்காமல் இடம் மாற்றுவது, வீட்டோரம் அகத்தியும் கிளைரிசிடியாவும் வேலிமசாலும் நட்டு ஒடித்துப் போடுவது. இவை மூன்றும் காசில்லாத மருந்துகள். ஆனால் இடமும் நேரமும் இருப்பவர்களுக்குத்தான் இவை கைகூடும்.

புழு எந்த அளவுக்கு ஏறியிருக்கிறது என்று பார்க்க ஆய்வகம் தேவையில்லை. ஆட்டை நல்ல வெளிச்சத்தில் நிறுத்தி, ஒரு கட்டைவிரலால் மேல் இமையைக் கண்ணோடு சேர்த்து மெல்ல அழுத்த வேண்டும். இன்னொரு கட்டைவிரலால் கீழ் இமையைக் கீழே இழுத்தால் உள்சவ்வு பிதுங்கி வெளியே தெரியும். நல்ல சிவப்பாக இருந்தால் ஆட்டுக்கு இரத்தம் இருக்கிறது. வெளிறிய ரோசா நிறமென்றால் மருந்து தேவை. காகித வெள்ளையாக இருந்தால் அன்றைக்கே கொடுத்தாக வேண்டும், ஒருநாள் தள்ளினாலும் ஆடு படுத்துவிடலாம். தாடைக்குக் கீழே நீர் கோத்துத் தொங்குகிறது என்றால் நோய் முற்றியிருக்கிறது. தென்னாப்பிரிக்கக் கால்நடை மருத்துவர் ஃபாஃபா மாலன், வெவ்வேறு அளவுச் சோகைக்குரிய ஐந்து நிறங்களை ஓர் அட்டையில் கொண்டுவந்தார். அவர் பெயரின் எழுத்துகளோடு ‘சார்ட்’ என்ற சொல்லின் எழுத்துகளையும் சேர்த்து ‘ஃபமாச்சா’ அட்டை என்று உலகம் முழுக்க அது பயன்படுகிறது. கண் பக்கத்தில் அட்டையைப் பிடித்து நிறத்தை ஒப்பிட எழுதப் படிக்கக்கூடத் தெரிந்திருக்க வேண்டாம். ஒரு பட்டியில் பெரும்பாலான புழுக்கள் ஒருசில ஆடுகளின் வயிற்றில்தான் இருக்கும். அந்த ஆடுகளைக் கண்டுபிடித்து அவற்றுக்கு மட்டும் மருந்து கொடுப்பதுதான் இந்த முறையின் சாரம்.

இங்கே நடப்பது நேர்மாறு. மூன்று மாதத்துக்கு ஒருமுறை, மருந்துக் கடைக்காரர் எடுத்துக் கொடுத்த புட்டியில் இருந்து, கிடாவுக்கும் குட்டிக்கும் கண்ணளவில் ஒரு மூடி. எடை தெரியாமல் குறைத்துக் கொடுக்கும் ஒவ்வொரு முறையும் மருந்தில் தப்பிப் பிழைத்த புழுவே அடுத்த தலைமுறையைப் பெருக்குகிறது. அல்பெண்டசோல், ஃபென்பெண்டசோல் வகை மருந்துகளுக்கு அடங்காத புழுக்கள் தமிழ்நாட்டு ஆட்டு மந்தைகளிலேயே ஆய்வுகளில் பதிவாகியிருக்கின்றன. இன்னொரு தவறும் பரவலாக நடக்கிறது. செம்மறிக்கென்று குறித்த அளவையே வெள்ளாட்டுக்கும் ஊற்றுகிறார்கள். வெள்ளாட்டின் உடல் இந்த மருந்துகளைச் செம்மறியைவிட வேகமாகக் கழித்துவிடும். அதற்கு அளவு கூடுதலாக வேண்டும், எவ்வளவு என்று மருத்துவர்தான் சொல்ல வேண்டும். சினை பிடித்த முதல் மாதத்தில் அல்பெண்டசோல் கொடுத்தால் கருவுக்கே கேடு. ஒரு தொங்கு தராசோ, மார்புச் சுற்றளவை வைத்து எடை சொல்லும் ஒரு நாடாவோ ஊருக்கு ஒன்று இருந்தால் இதில் பாதிப் பிழை தீர்ந்துவிடும்.

மருந்தை ஊற்றும் விதத்திலும் உயிர் போகிறது. தலையை வானம் பார்க்கத் தூக்கி, மூங்கில் குழாயிலோ பாட்டிலிலோ கடகடவென்று ஊற்றினால் பாதி நுரையீரலுக்குள் இறங்கும். புழு மருந்து கொடுத்த மறுநாள் ஆடு மூச்சிரைத்து, நாலு நாளில் செத்தால் பழி மருந்தின் மேல் விழுகிறது. ஊசி நீக்கிய சிரிஞ்சைக் கடைவாய் ஓரமாக நுழைத்து, தலை முதுகுக்கு நேர்மட்டத்தில் இருக்க, ஆடு விழுங்க விழுங்கச் சிறிதுசிறிதாகக் கொடுக்க வேண்டும். இருமினால் உடனே விட்டுவிட வேண்டும். ஐந்து நிமிடத்தில் சொல்லிக் கொடுக்கக்கூடிய இந்தப் பாடத்தை, விலையில்லா ஆடு வாங்கிய எத்தனை குடும்பங்களுக்கு யார் சொல்லிக் கொடுத்தார்கள்?

குட்டி விழுந்த முதல் மணி நேரம் இதே அளவுக்கு முக்கியமானது. மூக்கிலும் வாயிலும் ஒட்டியிருக்கும் சளியைத் துடைத்து, தாய் நக்கிக் காயவைக்க விட்டு, தொப்புள்கொடியை இரண்டு விரல்கடை விட்டு நூலால் கட்டிக் கத்தரித்து, நுனியை டிங்சர் அயோடினில் முக்க வேண்டும். இதைச் செய்யாத கொடி வழியாக ஏறும் கிருமி, இரண்டு வாரம் கழித்து மூட்டு வீங்கி நொண்டும் குட்டியாக வெளியே தெரியும். அடுத்தது சீம்பால். ‘நஞ்சு விழுந்த பிறகு பால் கொடுக்கலாம்’ என்று குட்டியைப் பிரித்து வைக்கும் வழக்கம் இன்னும் சில ஊர்களில் இருக்கிறது. அதைப் போல் குட்டிக்குத் தீங்கானது வேறில்லை. தாயின் நோய் எதிர்ப்புச் சக்தி கருப்பைக்குள் குட்டிக்கு வருவதில்லை, சீம்பாலில்தான் வருகிறது. அதை உறிஞ்சிக்கொள்ளும் திறன் குட்டியின் குடலுக்கு ஒரு நாள் அளவுக்குத்தான் இருக்கும், அதுவும் மணிக்கு மணி குறையும். முதல் ஒரு மணி நேரத்துக்குள் ஒருமுறையும், அந்த நாளுக்குள் குட்டியின் எடையில் பத்தில் ஒரு பங்கும் உள்ளே போயாக வேண்டும். இரண்டு கிலோக் குட்டிக்கு அது 200 மில்லி. மூன்று குட்டி போட்ட ஆட்டில் கடைக்குட்டிக்கு மடி கிடைக்காது. அதற்குக் கறந்து புட்டியில் கொடுக்க வேண்டும்.

இவ்வளவுக்கும் தேவையான சாமான்களைக் கணக்குப் போட்டால் ஒரு தகரப் பெட்டிக்குள் அடங்கிவிடும். டிங்சர் அயோடின், பஞ்சு, நூல், கத்தரி, கையுறை, மலக்குடலில் வைத்துப் பார்க்கும் ஒரு வெப்பமானி, ஊசி நீக்கிய இரண்டு சிரிஞ்சு, எடை நாடா, இமை நிற அட்டை, மருத்துவர் எழுதிக் கொடுத்த குடற்புழு மருந்து, புண்ணில் புழு வைத்தால் தடவ வேப்பெண்ணெய், வயிறு உப்பினால் கொடுக்கக் கொஞ்சம் நல்லெண்ணெய், கழிச்சலில் நீர் வற்றினால் கரைத்துக் கொடுக்கும் உப்பு-சர்க்கரைக் கரைசல் பொட்டலம், குளம்பு சீவும் கத்தி. இவற்றில் வெப்பமானிதான் அதிகம் அலட்சியப்படுத்தப்படுகிறது. வெள்ளாட்டின் இயல்பான சூடு 102 முதல் 103.5 டிகிரி ஃபாரன்ஹீட். மனிதக் கைக்கு எப்போதும் அது சுடும். காதைத் தொட்டுப் பார்த்துக் காய்ச்சல் என்று முடிவு கட்டுவதில் பாதி தவறாகப் போகிறது. கையுறை ஆட்டுக்கானது இல்லை, ஆளுக்கானது. குட்டி வீசிய ஆட்டின் நஞ்சை வெறும் கையால் இழுப்பவருக்குப் புரூசெல்லோசிஸ் தொற்றலாம். மாதக்கணக்கில் விட்டுவிட்டு வரும் காய்ச்சலும் மூட்டுவலியுமாக அது ஆளை முடக்கிவிடும்.

பெட்டியில் இருக்கக் கூடாதவையும் உண்டு. ஆன்டிபயாட்டிக் ஊசி அதில் முதல். கடையில் கேட்டால் எடுத்துக் கொடுத்துவிடுகிறார்கள் என்பதற்காக ஒரு நாள் போட்டு, ஆடு எழுந்ததும் நிறுத்திவிட்டு, மறுவாரம் கறிக்கடைக்கு விற்றால் அந்த மருந்து மனித வயிற்றுக்குள்தான் வந்து சேரும். கோலிஸ்டின் போன்ற கடைசி ஆயுத மருந்தை உணவுக்கான கால்நடைகளில் பயன்படுத்த 2019-ல் தடை விதிக்க வேண்டிவந்தது, கிருமிகள் அதற்கும் அடங்காமல் போய்விடும் என்ற பயத்தால்தான். இரண்டாவது, வலி நிவாரணி டைக்ளோஃபெனாக். அந்த மருந்து ஏறிய சடலத்தைத் தின்ற பிணந்தின்னிக் கழுகுகள் சிறுநீரகம் கெட்டுச் செத்து, அந்த இனங்களே அழிவின் விளிம்புக்குப் போயின. கால்நடைகளுக்கு அதைப் பயன்படுத்துவது 2006-லேயே தடை செய்யப்பட்டது. கீட்டோபுரோஃபென், அசிக்ளோஃபெனாக் இரண்டும் 2023-ல் அந்தப் பட்டியலில் சேர்ந்தன. முதுமலை, மாயாறு பள்ளத்தாக்கில் மிஞ்சியிருக்கும் கழுகுகளின் உயிர், சுற்றுவட்டார ஊர்களில் மாட்டுக்கும் ஆட்டுக்கும் யார் என்ன ஊசி போடுகிறார்கள் என்பதில் தொங்குகிறது. மெலாக்சிகாம் என்ற பாதுகாப்பான மாற்று இருக்கிறது, அதையும் மருத்துவர் சொல்லித்தான் போட வேண்டும்.

தீனியால் வரும் சாவுகள் தனி வகை. மழைக்குப் பின் தளிர்த்த புல்லைத் திடீரென்று வயிறு முட்ட மேய்ந்த ஆடு, அதிலும் பட்டியிலேயே கொழுத்த, நன்றாகப் பால் குடித்த குட்டி, இரவு நன்றாயிருந்து விடியலில் துள்ளி விழுந்து சாகும். துள்ளுமாரி நோய் அது. குடலில் எப்போதும் இருக்கும் பாக்டீரியா, திடீர்ச் சத்தைத் தின்று பெருகி நஞ்சைக் கக்குகிறது. மழைக்கு முன்பே போட இதற்குத் தடுப்பூசி இருக்கிறது. ராணிப்பேட்டையில் உள்ள கால்நடை நோய்த்தடுப்பு மருந்து நிறுவனமே அதைத் தயாரிக்கிறது. கல்யாண வீட்டு மிச்சச் சோற்றை அன்போடு ஆட்டுக்குக் கொட்டுவது இன்னொரு ஆபத்து. வயிற்றில் அமிலம் ஏறி, அசைபோடுவது நின்று, ஆடு சுருண்டுவிடும். சேலம், நாமக்கல் பக்கம் பச்சை மரவள்ளித் தழையும், வறட்சியில் குன்றிய இளஞ்சோளப் பயிரும் சயனைடு நஞ்சால் சில நிமிடங்களில் கொல்லும்; மருத்துவர் உடனே வந்து ஊசி போட்டால் மட்டுமே பிழைக்கும். தாது உப்பு விஷயத்திலும் ஒரு நுட்பம் இருக்கிறது. வெள்ளாட்டுக்குத் தாமிரச் சத்து நிறைய வேண்டும், செம்மறிக்கோ அதுவே மிஞ்சினால் நஞ்சு. இரண்டையும் ஒரே பட்டியில் அடைப்பவர்கள் வாங்கும் தாது உப்புக் கட்டி எதற்கானது என்று கேட்டு வாங்க வேண்டும்.

சந்தை வழியாக வரும் நோயைப் பற்றிப் பேசாமல் இருக்க முடியாது. செஞ்சி வெள்ளிச் சந்தை, எட்டயபுரம் சனிச் சந்தை, அய்யலூர் வியாழச் சந்தை என்று தீபாவளி, பக்ரீத், பொங்கல் நெருங்கும்போது ஆயிரக்கணக்கில் ஆடுகள் பல மாவட்டங்களில் இருந்து ஒரே மைதானத்தில் கூடுகின்றன. அங்கே வாங்கிய ஆட்டை அன்று மாலையே பட்டியில் அடைப்பதுதான் ஆட்டுக்கொல்லிக்கும் ஆட்டம்மைக்கும் நேரடி அழைப்பு. மூன்று வாரம் தனியாகக் கட்டி, தனித் தண்ணீர் வைத்து, அதன் பிறகே சேர்க்க வேண்டும். திட்டங்களில் கொடுக்கும் ஆடுகளையும் பயனாளிகள் சந்தையில்தான் வாங்குகிறார்கள் என்பதை யோசித்தால், ஆடு கொடுப்பதற்கு மூன்று வாரம் முன்பே ஊசி போட்டுத் தனியே நிறுத்துவது திட்டத்தின் முதல் விதியாக இருக்க வேண்டும்.

சரி, பெட்டியை யார் வைத்திருப்பது? கால்நடை மருத்துவர்களால் மட்டும் முடியாது. ஒரு மருத்துவர் பல ஊராட்சிகளைப் பார்க்கிறார், மாடுகளுக்குச் சினை ஊசி போடுவதிலேயே பாதி நாள் போகிறது. 1962 என்ற எண்ணை அழைத்தால் நடமாடும் மருத்துவ ஊர்தி வரும் ஏற்பாடு இருக்கிறது. கன்று ஈன முடியாமல் தவிக்கும் மாட்டுக்கு அது பேருதவி. வெளிறிய இமையை முன்கூட்டியே பார்த்துச் சொல்ல ஊர்தி வராது. அதற்கு அந்தத் தெருவிலேயே ஒருவர் வேண்டும்.

அப்படி ஒருவரை வட மாநிலங்கள் உருவாக்கியிருக்கின்றன. ஜார்க்கண்டிலும் பிகாரிலும் ‘பசு சகி’ என்ற பெயரில் மகளிர் குழுக்களில் இருந்து தேர்ந்தெடுத்த பெண்களுக்குப் பயிற்சி கொடுத்து, வீடு வீடாகப் போய்க் குடற்புழு நீக்கம், தடுப்பூசி, காயத்துக்குக் கட்டு, தீனி ஆலோசனை என்று பார்க்க வைத்தார்கள். பிகாரின் முசாபர்பூரில் 2016-ல் தொடங்கிய ‘மேஷா’ திட்டத்தில் இந்தப் பெண்கள் ஆட்டை எடை போட்டும் கொடுக்கிறார்கள். அதனால் வியாபாரி கண்ணால் மதிப்பிட்டுச் சொன்ன விலைக்கு விற்ற பெண், கிலோக் கணக்கில் பேரம் பேசத் தொடங்கினார். ஒரு முறைக்குச் சிறு கட்டணம் வாங்கிக்கொள்வதால் அவர்களுக்கும் வருமானம், அரசு சம்பளத்தை எதிர்பார்த்து வேலை நின்றுபோவதும் இல்லை. மத்திய அரசு 2022-ல் ‘ஏ-ஹெல்ப்’ என்ற பெயரில் இதையே தேசியத் திட்டமாக்கியது.

கால்நடை மருத்துவர்களின் சங்கடம் புரிந்துகொள்ளக்கூடியது. அரைகுறைப் பயிற்சி பெற்றவர் கையில் ஊசி போனால் போலி வைத்தியம் பெருகும் என்பது நியாயமான அச்சம். சட்டத்திலேயே அதற்கு வழி இருக்கிறது. இந்தியக் கால்நடை மருத்துவக் குழுமச் சட்டம், 1984-ன் 30-வது பிரிவு, கால்நடைப் பணிக்கான பட்டயமோ சான்றிதழோ பெற்றவர்கள், பதிவு பெற்ற மருத்துவரின் மேற்பார்வையில் சிறு சேவைகளைச் செய்ய மாநில அரசு ஆணையிட்டு அனுமதிக்கலாம் என்கிறது. எந்தச் சேவை என்று வரையறுத்து, ஆன்டிபயாட்டிக்கைத் தொடவே கூடாது என்று எழுதிவைத்து, மாதம் ஒருமுறை மருத்துவர் பதிவேட்டைப் பார்க்கும்படி செய்தால் அச்சத்துக்கு இடமில்லை. இன்றைக்கு அந்த இடத்தை நிரப்பியிருப்பவர் மருந்துக் கடைக்காரர். அவர் யாருக்கும் பதிவேடு காட்டுவதில்லை.

தமிழ்நாட்டுக்கு இது புதிதும் இல்லை. 2021-ல் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் சர்க்கரை, இரத்த அழுத்த மாத்திரைகளை வீட்டு வாசலுக்கே கொண்டு போய்க் கொடுப்பவர்கள் உள்ளூர்ப் பெண் தன்னார்வலர்கள்தான். மனிதருக்குச் செய்யத் தெரிந்த ஏற்பாட்டை ஆட்டுக்குச் செய்ய மாநிலத்துக்குப் புதிதாகக் கற்றுக்கொள்ள ஒன்றுமில்லை. மகளிர் சுயஉதவிக் குழுக்கள் ஊர்தோறும் இருக்கின்றன. பயிற்சி கொடுக்கக் கால்நடை மருத்துவப் பல்கலைக்கழகத்தின் பயிற்சி மையங்கள் பல மாவட்டங்களில் இருக்கின்றன. கன்னி ஆடும் கொடி ஆடும் வளர்க்கும் தூத்துக்குடி, விருதுநகர்க் கரிசல் ஊர்களிலும், சேலம் கருப்பு ஆடு வளர்க்கும் தருமபுரி, சேலம் மலையடிவார ஊர்களிலும் முதலில் தொடங்கலாம். அந்த வெயிலுக்கும் வறட்சிக்கும் பழகிய இனங்களை நோயில் இழப்பது பணத்தால் ஈடுகட்ட முடியாத இழப்பு.

காப்பீடும் இதோடு சேர வேண்டியது. 2024-ல் மத்திய அமைச்சரவை எடுத்த முடிவின்படி கால்நடைக் காப்பீட்டில் பயனாளி கட்ட வேண்டியது பிரீமியத்தில் 15 சதவீதம் மட்டுமே, 100 ஆடு வரை சேர்க்கலாம். சலுகை நன்றாகத்தான் இருக்கிறது. ஆடு செத்தால் காதில் வில்லை இருக்க வேண்டும், பிரேதப் பரிசோதனைச் சான்று வேண்டும். இரவில் செத்த ஆட்டை மறுநாள் மதியம் வரை வைத்துக்கொண்டு மருத்துவருக்காகக் காத்திருக்க ஐந்து ஆட்டுக்காரருக்கு முடிவதில்லை, அதனால் காப்பீடு பக்கமே அவர் போவதில்லை. ஊரில் பயிற்சி பெற்ற பெண் ஒருவர் வில்லை எண்ணோடு படமெடுத்து மருத்துவருக்கு அனுப்பினால் போதும் என்று விதியைத் தளர்த்தலாம். மூக்கிலும் ஆசனவாயிலும் உறையாத இரத்தம் கசிந்து செத்த ஆட்டை மட்டும் அறுக்கவே கூடாது. அது அடைப்பான் நோயாக இருக்கலாம், மனிதரையும் கொல்லும். சுண்ணாம்பு தூவி ஆழப் புதைக்க வேண்டும் என்பதையும் அந்தப் பெண்ணே ஊருக்குச் சொல்வார்.

அடுத்த பருவமழைக்கு முன்பே செய்து முடிக்கக்கூடிய வேலைகள் சில உண்டு. முகாமைப் பகல் பத்து மணியில் இருந்து விடியற்காலை ஆறு மணிக்கு, பட்டி திறப்பதற்கு முன்பாக மாற்றுவது. தேதியை ஒரு வாரம் முன்பே நியாயவிலைக் கடை வாசலில் எழுதி ஒட்டுவது. 25, 50 ஆட்டுக்கான சிறு குப்பிகளும் தயாராகின்றன. அரசுக் கொள்முதலில் அவற்றுக்கும் ஒரு பங்கு ஒதுக்குவது. முகாம் முடிந்த மறுவாரம் விடுபட்ட பட்டிகளைத் தேடிப் போக ஒரு நாள் குறித்துக்கொள்வது. இனி ஆடு வழங்கும் எந்தத் திட்டமானாலும், ஒரு குடும்பத்துக்கு ஒதுக்கும் தொகையில் ஒரு பங்கை ஊருக்கான மருந்துப் பெட்டிக்கும், அதை வைத்திருக்கும் பெண்ணின் பயிற்சிக்கும் முதலிலேயே எழுதிவைத்துவிட்டு, மீதத்தில் ஆடு வாங்கிக் கொடுக்கட்டும்.